ஐ.டி. வேலைக்குப் புதிதாக வருகிறீர்களா? முதலில் டெசிக்னேஷனைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்ததும் சம்பளத்துக்கு அடுத்தபடி எல்லோரும் தேடுவது டெசிக்னேஷனை, அதாவது பதவிப் பெயரைத்தான். டிசிஎஸ்ஸில் ‘அசிஸ்டென்ட் சிஸ்டம் என்ஜினியர் - ட்ரெய்னி’, காக்னிசன்டில் ‘ப்ரோக்ராமர் அனலிஸ்ட் ட்ரெய்னி’, விப்ரோவில் ‘ப்ராஜெக்ட் என்ஜினியர்’, ஸோஹோவில் ‘மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப்’. ஒரே வகுப்பில் படித்த நான்கு பேர் கையில் நான்கு பெயர்கள். “நீ ப்ராஜெக்ட் என்ஜினியராமே, நான் வெறும் ட்ரெய்னிதான்டா” என்று ஒருவர் முகம் வாடுவதும் நடக்கும். வாட வேண்டியதே இல்லை. நான்கும் ஏறக்குறைய ஒரே படி: இப்போதுதான் உள்ளே வந்தவர்.

டாக்டர் என்றால் மருத்துவப் பதிவு வேண்டும். வக்கீலுக்கு பார் கவுன்சில். ஆடிட்டருக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம். கட்டடக் கலைஞர் என்று போட்டுக்கொள்ளக்கூட 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு வேண்டும். கம்ப்யூட்டர் துறையில் இந்தியாவில் அப்படி எந்தப் பதிவும் கிடையாது. சாஃப்ட்வேர் என்ஜினியர், டேட்டா சயின்டிஸ்ட், சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் என்று கம்பெனி எந்தப் பெயர் வைக்கிறதோ அதுதான் பெயர். அதனால் புதிதாக வருபவர் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டாக வேண்டும். ஒன்று, அந்தப் பெயரைச் சரியாகப் படிப்பது. இன்னொன்று, செய்த வேலையை எழுத்தில் வாங்கி வைப்பது. இந்த இரண்டாவதைத்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். பத்து வருடம் கழித்து கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பம் போடும்போது பழைய மேனேஜரைத் தேடி அலைகிறார்கள். உழைத்த உழைப்புக்குச் சான்று இல்லாமல் நிற்பதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: நான்கு பெயர்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

உங்களுக்கு ஒரு பெயர் இருப்பதாக நினைக்கிறீர்கள். கம்பெனியில் உங்களுக்கு மூன்று நான்கு இருக்கும்.

லெட்டரில் அச்சாவது டெசிக்னேஷன். எச்.ஆர். சிஸ்டத்தில் இருப்பது கிரேடு அல்லது பேண்ட். டிசிஎஸ்ஸில் சி1, சி2, சி3ஏ என்று போகும். சம்பள வரம்பு, இன்சூரன்ஸ், பயணப்படி எல்லாம் பெரும்பாலும் இந்த கிரேடைப் பிடித்துத்தான் நகரும். மூன்றாவது, ப்ராஜெக்ட்டில் உங்கள் ரோல்: டெவலப்பர், டெஸ்டர், சப்போர்ட், ஸ்க்ரம் மாஸ்டர், மாட்யூல் லீடு. ப்ராஜெக்ட் மாறினால் இது மாறும், லெட்டர் மாறாது. நான்காவது, கேம்பஸில் எந்த வழியாக எடுத்தார்கள் என்பது. டிசிஎஸ்ஸின் நிஞ்சா, டிஜிட்டல், ப்ரைம். காக்னிசன்டின் ஜென்சி, ஜென்சி நெக்ஸ்ட். இவை சேரும்போது சம்பளத்தைத் தீர்மானிக்கும் வகைகள். இவற்றைப் பதவியாக ரெஸ்யூமேயில் போட்டால் வெளியாளுக்கு ஒன்றும் புரியாது.

ஒருவருடைய லெட்டரில் ‘அசோசியேட் - ப்ராஜெக்ட்ஸ்’ என்று இருக்கும். அமெரிக்க கிளையண்டுடன் பேசும் போன் காலில் அவரை ‘ஆஃப்ஷோர் லீட்’ (இங்குள்ள டீமின் தலைவர்) என்று அறிமுகப்படுத்துவார்கள். டைம்ஷீட்டில் ‘டெவலப்பர்’. ஊரில் அம்மா சொல்வது ‘கம்ப்யூட்டர் என்ஜினியர்’. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் சான்று என்று கேட்கும் இடத்தில் முதலாவது மட்டும்தான் தாளில் இருக்கும், அதுவோ வேலையைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்றே ஒரு கூகுள் ஷீட் திறந்து இந்த நான்குக்கும் நான்கு பத்தி போட்டு, தேதியோடு நிரப்புங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி. ப்ரொமோஷன் லெட்டர் வந்தால் அதையும் சொந்த மெயிலில் சேமியுங்கள். வேலையை விட்ட அன்று ஆஃபீஸ் லாகின் போய்விடும், அதில் இருந்தவையும் போய்விடும். சேமிக்க வேண்டியது உங்கள் பெயருக்கு வந்த கடிதங்களை மட்டும். கிளையண்ட் கோடு, டாக்குமென்ட் எதையும் வெளியே எடுக்காதீர்கள், அது வேலைக்கே உலை வைக்கும்.

இரண்டாவது படி: அந்தக் கம்பெனியின் ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே சொல் ஒரு கம்பெனியில் கீழ்ப்படி, இன்னொன்றில் மேல்படி. ‘கன்சல்டன்ட்’ என்ற பெயர் டெலாய்ட்டில் அனலிஸ்டுக்கு அடுத்த படி, இரண்டு மூன்று வருட அனுபவத்தில் கிடைக்கும். டிசிஎஸ்ஸில் ஐ.டி. அனலிஸ்ட், அசிஸ்டென்ட் கன்சல்டன்ட், அசோசியேட் கன்சல்டன்ட் எல்லாம் தாண்டித்தான் கன்சல்டன்ட். இன்ஃபோசிஸில் ‘சீனியர் சிஸ்டம்ஸ் என்ஜினியர்’ இரண்டாவது படி. அதற்கு மேல்தான் டெக்னாலஜி அனலிஸ்ட், டெக்னாலஜி லீட். மைக்ரோசாஃப்டில் ‘சீனியர்’ என்ற சொல் 63ஆம் லெவலில் வருகிறது. கல்லூரியிலிருந்து நேரே வருபவர் 59, 60 என்று தொடங்குகிறார். இரண்டு சீனியருக்கும் நடுவே பல வருட வேலை இருக்கிறது.

சென்னையில் டெக்னாலஜி சென்டர் வைத்திருக்கும் பன்னாட்டு வங்கிகளில் ‘வைஸ் பிரசிடென்ட்’ என்று ஒரு பதவி உண்டு. கேட்டால் முதலாளிக்கு அடுத்தவர் போல ஒலிக்கும். வங்கி உலகில் அது நடு மட்டம். கீழே ஒரு சின்ன டீம் இருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். திருமணத் தகவலில் இதைப் பார்த்து மலைப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அமேசான் மாதிரி கம்பெனிகளில் பெயர் எளிமை: எஸ்.டி.இ. (சாஃப்ட்வேர் டெவலப்மென்ட் என்ஜினியர்) ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே இவை எல்4, எல்5, எல்6. கூகுளில் புதியவர் எல்3, ஆனால் அவருடைய பெயர் ‘சாஃப்ட்வேர் என்ஜினியர் இரண்டு’. எண்ணைக் கண்டு ஏமாறக் கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இன்னொரு மரபும் இருக்கிறது. ஸோஹோ வைக்கும் ‘மெம்பர் டெக்னிக்கல் ஸ்டாஃப்’ என்ற பெயருக்கு முன்னோடி அமெரிக்காவின் பெல் லேப்ஸ். யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய கென் தாம்ப்சனும் சி மொழி தந்த டென்னிஸ் ரிட்சியும் அங்கே அந்தப் பெயரில் வேலை பார்த்தவர்கள்தான். படிகளைக் காட்டாமல் ‘நீ இந்தத் தொழில்நுட்பக் குழுவில் ஒருவர்’ என்று மட்டும் சொல்லும் பெயர். எனக்கு மிகப் பிடித்த பதவிப் பெயர் இது. ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு: வெளிநாட்டுத் தூதரக அதிகாரிக்கோ வங்கி மேனேஜருக்கோ இதிலிருந்து எதுவும் விளங்காது. அந்தப் பெயர் உள்ளவர்கள், செய்த வேலையை எழுத்தில் வாங்கும், இந்தக் கட்டுரையின் ஏழாவது படியை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

ஏணியை எப்படித் தெரிந்துகொள்வது? அங்கே வேலை பார்க்கும் சீனியர் ஒருவரிடம் மூன்று கேள்வி போதும். எனக்கு மேல் எத்தனை படி இருக்கிறது? அடுத்த படிக்குச் சராசரியாக எத்தனை வருடம்? எந்தப் படியில் ஆட்கள் தேங்கி நிற்கிறார்கள்? மூன்றாவதற்கு வரும் பதில்தான் கம்பெனியின் உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது படி: சேரும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

ஃப்ரெஷருக்குப் பேரம் பேச இடம் குறைவு, அது உண்மை. கேள்வி கேட்க யாரும் தடை சொல்ல முடியாது. எச்.ஆருக்கு இப்படி ஒரு மெயில் போடலாம்: “சேர்ந்த பிறகு என் டெசிக்னேஷனும் கிரேடும் என்னவாக இருக்கும்? ட்ரெய்னிங் முடிந்ததும் பெயர் மாறுமா? அது தானாக மாறுமா, தேர்வு உண்டா? டெவலப்மென்ட், டெஸ்டிங், சப்போர்ட் என்று பிரிப்பது எப்போது, எப்படி?” போனில் சொன்ன பதிலையும் “நீங்கள் சொன்னபடி” என்று தொடங்கி ஒரு மெயிலாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மரியாதையாகக் கேட்டதற்காக ஆஃபர் போய்விடாது.

‘என்ஜினியர்’ என்று லெட்டர் வாங்கி, நைட் ஷிஃப்டில் டிக்கெட் மூடும் (வரும் புகார்களைத் தீர்த்து முடிக்கும்) சப்போர்ட் வேலையில் உட்கார்ந்தவர்கள் நிறைய. சப்போர்ட் வேலை தாழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். புரொடக்‌ஷன் சர்வர் விழும் இரவில் அதைத் தூக்கி நிறுத்துபவருக்கு, பகலில் கோடு எழுதுபவரைவிட அதிகம் தெரிந்திருக்கும். ஆனால் எதில் உட்காரப் போகிறோம் என்று தெரிந்து உட்கார வேண்டும்.

நான்காவது படி: யாருடைய பேரோல் என்று பாருங்கள்

பெரிய கம்பெனியின் கட்டடத்தில், அந்தக் கம்பெனி டீமோடு வேலை. சம்பளம் மட்டும் வேறொரு ஸ்டாஃபிங் கம்பெனி போடும். ஐ.டி. கார்டின் கயிறு நிறமே வேறாக இருக்கும். இது சட்டப்படி சரியான ஏற்பாடுதான், வேலை பழக நல்ல வழியும்கூட. தெளிவு மட்டும் வேண்டும். உங்கள் முதலாளி அந்த ஸ்டாஃபிங் கம்பெனி. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தரப்போவதும் அதுதான். பி.எஃப். பாஸ்புக்கில் யு.ஏ.என். எண்ணுக்குக் கீழே எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, கம்பெனி தரும் வருமான வரிச் சான்றான ஃபார்ம் 16இல் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ரெஸ்யூமேயில் ‘இன்ன கம்பெனி, இன்ன கிளையண்டுக்காக’ என்று எழுதினால் பிரச்சினையே வராது. கிளையண்ட் பெயரை மட்டும் போட்டு பேரோல் கம்பெனியை விட்டுவிட்டால் அடுத்த வேலையில் பழைய விவரங்களைச் சரிபார்க்கும் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் மாட்டும்.

ஐந்தாவது படி: ‘என்ஜினியர்’ என்று எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

இந்தியாவில் இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையே இல்லை. கனடா போகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ‘என்ஜினியர்’ என்ற பட்டத்தை ஒவ்வொரு மாகாணத்திலும் சட்டம் காக்கிறது. மாகாண அமைப்பில் உரிமம் பெற்றவர்தான் போட்டுக்கொள்ளலாம் என்பது பொது விதி. ஆல்பர்ட்டாவில் இது நீதிமன்றம் வரை போனது. ஜாபர் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி ‘சாஃப்ட்வேர் என்ஜினியர்’ என்று ஆட்களை அழைப்பதைத் தடுக்க அங்குள்ள என்ஜினியர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. பிறகு மாகாண அரசும் சட்டத்தைத் திருத்தி அந்தப் பெயருக்கு விலக்கு கொடுத்தது. இது ஆல்பர்ட்டா கதை மட்டுமே. ஒன்டாரியோவிலோ கியூபெக்கிலோ இருந்தால் சாஃப்ட்வேர் டெவலப்பர் என்று போட்டுக்கொள்வது பத்திரம். விசிட்டிங் கார்டு, லிங்க்ட்இன் இரண்டிலும்.

இந்தத் தொழிலை ‘என்ஜினியரிங்’ என்று அழைக்கலாமா என்ற வாதம் பழையது. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய மாநாட்டின் தலைப்பே சாஃப்ட்வேர் என்ஜினியரிங்தான். பாலம் கட்டுவது போல நம்பகமாக மென்பொருள் கட்ட வேண்டும் என்ற ஆசை அதில் இருந்தது. உரிமம் கொடுத்தால் அந்த நிலை வரும் என்று டெக்சஸ் மாநிலம் 1998இல் சாஃப்ட்வேர் என்ஜினியரிங்கை உரிமம் தரும் துறையாக ஏற்றது. கம்ப்யூட்டர் அறிஞர்களின் சங்கமான ஏ.சி.எம். 1999இல் உரிமம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2013இல் அமெரிக்க அளவில் உரிமத் தேர்வே வைத்தார்கள். முதல் ஐந்து முறையும் சேர்த்து அந்தத் தேர்வை எழுதியவர்கள் மொத்தம் 81 பேர்தான். 2019 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்தில் வேறு வழி: 1984இல் அரச சாசனம் பெற்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டி, ‘சார்ட்டர்டு ஐ.டி. ப்ரொஃபஷனல்’ என்ற தகுதியைத் தருகிறது. விரும்பியவர் வாங்கலாம், இல்லாமலும் வேலை பார்க்கலாம்.

ஆக, உலகில் பெரும்பாலான இடங்களில் இந்தத் தொழிலில் மரியாதையைத் தாள் தரவில்லை. நீங்கள் எழுதியது ஓடுகிறதா, விழுந்தால் எழுப்பத் தெரியுமா என்பதுதான் பேசுகிறது. ஏழைக் குடும்பத்திலிருந்து, சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து வரும் பிள்ளைகள் இந்தத் துறையில் மேலே வர முடிந்ததற்கு இந்தத் திறந்த வாசலும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். அதே வாசல் வழியாகத்தான் வெற்றுப் பட்டங்களும் உள்ளே வருகின்றன.

ஆறாவது படி: அப்ரைசலில் பெயர் மட்டும் உயர்ந்தால்

“இந்த வருஷம் பட்ஜெட் இல்லைப்பா, ஆனா உன்னை லீட் ஆக்கிட்டோம்.” இதை ஒருநாள் கேட்பீர்கள். வாங்கிக்கொள்ளலாம், கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். கிரேடு மாறியதா, லெட்டர் உண்டா, சம்பளத் திருத்தம் எந்த மாதம் என்று அங்கேயே கேளுங்கள். லெட்டர் இல்லாத ‘லீட்’ என்பது கூடுதல் வேலை மட்டுமே. பின்னால் எச்.ஆரிடம் கேட்டால் அவர்களுடைய சிஸ்டத்தில் அது இருக்காது.

மேனேஜர் என்று பெயர் வந்துவிட்டால் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பே போய்விடும் என்று ஒரு பயம் உலவுகிறது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் வந்த வழக்குகளில், ஒருவர் தொழிலாளியா இல்லையா என்பதை முக்கியமாக எந்த வேலை செய்கிறார் என்பதை வைத்துத்தான் நீதிமன்றங்கள் முடிவு செய்தன. லெட்டரில் இருக்கும் பெயரை வைத்து முடிவு செய்யவில்லை. கீழே யாரும் இல்லாமல், யாருக்கும் லீவு அனுமதிக்கும் அதிகாரம்கூட இல்லாமல் கோடு மட்டும் எழுதும் ‘மேனேஜர்’ அந்தப் பெயருக்காக மட்டும் உரிமை இழப்பதில்லை. ஐ.டி. நிறுவனங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பு வந்திருக்கிறது. ராஜினாமா கடிதம் கொடு என்று யாராவது நெருக்கினால், கையெழுத்துப் போடும் முன் தொழிலாளர் வழக்கு பார்க்கும் ஒரு வக்கீலிடம் போங்கள். அப்போது கையில் இருக்க வேண்டியது நீங்கள் தினமும் செய்த வேலைக்கான எழுத்துச் சான்று.

ஏழாவது படி: செய்த வேலையை எழுத்தில் வாங்குங்கள்

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கனடாவின் குடியேற்ற விண்ணப்ப முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அனுபவத்தைக் காட்ட, கம்பெனி லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு ஒரு கடிதம் கேட்பார்கள். பதவி, சேர்ந்த தேதி, விட்ட தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், அதற்கு மேல் செய்த வேலைகளின் பட்டியல் அதில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் உங்களை எந்த வகையில் சேர்ப்பது என்று முடிவாகும். அந்நாட்டின் தொழில் பட்டியலில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு: சாஃப்ட்வேர் என்ஜினியர்களுக்கும் டிசைனர்களுக்கும் 21231, டெவலப்பர், ப்ரோக்ராமர்களுக்கு 21232, டெஸ்டிங் டெக்னீஷியன்களுக்கு 22222. இதில் 22222 ஒரு படி கீழே உள்ள பிரிவு. லெட்டரில் எல்லோரும் ‘அசோசியேட்’ என்று இருந்தால் இந்த மூன்றில் நீங்கள் யார் என்று அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்?

அமெரிக்காவில் பெயர் எவ்வளவு தூரம் படுத்தும் என்பதற்கு ஒரு சம்பவம். 2017 மார்ச் 31 தேதியிட்ட ஒரு குறிப்பில் அந்நாட்டுக் குடியேற்றத் துறை, ‘கம்ப்யூட்டர் ப்ரோக்ராமர்’ என்ற பதவியை மட்டும் வைத்து எச்-1பி விசாவுக்கான சிறப்புத் தொழில் என்று ஏற்க முடியாது என்றது. இரண்டு வருட டிப்ளமோ படித்தவர்களும் அந்த வேலைக்கு எடுக்கப்படுகிறார்கள் என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கையேட்டில் இருந்த வரிதான் அடிப்படை. அதன் பிறகு அந்தப் பெயரில் விண்ணப்பித்தவர்கள், வேலையின் சிக்கலைத் தனியாக நிரூபிக்க வேண்டிவந்தது. 2020 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இந்த அணுகுமுறையைத் தள்ளியது. 2021 பிப்ரவரியில் குறிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் நடுவில் இருந்த அந்த வருடங்களில், வேலையை விவரமாக எழுதி வைத்திருந்தவர்களுக்கே பிடிமானம் இருந்தது.

பெரும்பாலான கம்பெனிகள் தரும் கடிதம் இப்படி இருக்கும்: “இவர் 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை எங்களிடம் அசோசியேட்டாகப் பணிபுரிந்தார். அவருடைய எதிர்கால முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகிறோம்.” வாழ்த்துக்கு நன்றி, ஆனால் இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கேட்டு வாங்க வேண்டியது இப்படி: “இன்சூரன்ஸ் க்ளெய்ம் செயலிக்கு ஜாவாவில், ஸ்பிரிங் பூட் கொண்டு ஏ.பி.ஐ.கள் எழுதினார். ஆரக்கிள் டேட்டாபேஸில் மெதுவாக ஓடிய கொயரிகளைச் சரிசெய்தார். மாத ரிலீஸுக்கு முன் டீமில் மற்ற மூவரின் கோடை ரிவ்யூ செய்தார். புரொடக்‌ஷனில் வந்த கோளாறுகளின் காரணத்தைக் கண்டறிந்து தீர்த்தார். வாரத்துக்கு 40 மணி நேரம், முழுநேரப் பணி.” நான்கைந்து வரி, எல்லாம் நடந்தது, எல்லாம் வினைச்சொல். அரசு இணையதளத்தில் இருக்கும் பட்டியலை வரிக்கு வரி நகல் எடுக்காதீர்கள், பார்க்கிறவருக்கு உடனே சந்தேகம் வரும்.

“எங்கள் பாலிசிப்படி வேலை விவரம் தர மாட்டோம்” என்று எச்.ஆர். சொல்லலாம், பெரிய இடங்களில் இது சகஜம். அப்போது உங்கள் மேனேஜரிடமோ உடன் வேலை பார்த்த சீனியரிடமோ அவர் பெயரில் உறுதிமொழிப் பத்திரம் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் தகுதி மதிப்பீடு செய்யும் ஏ.சி.எஸ். இதுபோன்ற உறுதிமொழியை, பே ஸ்லிப் போன்ற துணைச் சான்றுகளோடு ஏற்கிறது. கேட்க வேண்டிய நேரம், அவரும் நீங்களும் ஒரே டீமில் இருக்கும்போது. ஐந்து வருடம் கழித்து அவர் எந்த நாட்டில் இருப்பாரோ.

எட்டாவது படி: ரெஸ்யூமேயில் இரண்டையும் எழுதுங்கள்

அச்சான டெசிக்னேஷன் முதலில், பக்கத்தில் ரோல். ‘ப்ரோக்ராமர் அனலிஸ்ட் - ஜாவா டெவலப்பர் ரோல்’ என்று ஒரே வரியில் முடிந்தது. டெசிக்னேஷனையே மாற்றி ‘சீனியர் டெவலப்பர்’ என்று போடுவதை மட்டும் செய்யாதீர்கள், யார் சொன்னாலும். பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்பவர் பழைய எச்.ஆரிடம் கேட்பது பெயர், எம்ப்ளாயி ஐ.டி., தேதிகள், டெசிக்னேஷன். அதில் ஒன்று ஒத்துப்போகாவிட்டால் சேர்ந்த பிறகும் வேலை போகலாம். ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறேன் என்று வரும் கன்சல்டன்சிகளிடம் பணம் கட்டாதீர்கள். பி.எஃப். பதிவில் இல்லாத மூன்று வருடத்தை யாராலும் உருவாக்கித் தர முடியாது.

வேலையை விடும்போது நோட்டீஸ் பீரியட் இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஓடும். கடிதங்களைக் கேட்க அதுதான் நேரம். ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், ஒவ்வொரு ப்ரொமோஷன் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப், எல்லா வருடத்து ஃபார்ம் 16. சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் பி.எஃப். பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தவறு இருந்தால் ஐ.டி. கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள்.